சுவருக்குள் தங்கிய வெயிலும் வாசலில் இருக்கும் மீட்டரும்

சென்ற மாதம் என் நான்காம் படிவ மாணவர்களுக்கு ஒரு சிறிய வீட்டுப்பாடம் கொடுத்தேன். “உங்கள் வீட்டு வாசலில் இருக்கும் மின் மீட்டரை இரவு 10 மணிக்கு ஒரு முறையும் காலை 6 மணிக்கு ஒரு முறையும் பாருங்கள். இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.” அவ்வளவுதான்.

வீட்டில் எல்லாரும் உறங்கும் நேரம். மீட்டர் அதிகம் நகராது என்றுதான் பலரும் நினைத்தார்கள். சுங்கை ரம்பாயில் ஒரு வரிசை வீட்டில் குடியிருக்கும் மாணவி கொண்டுவந்த கணக்கு வேறு மாதிரி இருந்தது. எட்டு மணி நேரத்தில் 6 யூனிட். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி என்று உங்களுக்குத் தெரியும். அவள் வீட்டில் ஓர் அறையில் மட்டும் ஒரு குதிரைத்திறன் குளிரூட்டி. கைக்குழந்தையோடு அக்காள் வந்திருப்பதால் அது இரவு முழுதும் ஓடுகிறது.

“டீச்சர், ராத்திரி வாசலில் நின்றால் காற்று சில்லென்று இருக்கிறது. வீட்டுக்குள் மட்டும் ஏன் இவ்வளவு புழுக்கம்?” என்று கேட்டாள்.

“இன்று இரவு 10 மணிக்கு மேற்குப் பக்கச் சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு வா” என்றேன்.

மறுநாள் காலை, வகுப்பு தொடங்கும் முன்பே வந்து நின்றாள். “சுவர் சுடுகிறது டீச்சர். வெயில் போய் மூன்று மணி நேரம் ஆகியும் சுடுகிறது.”

மாணவர்களே, அந்தச் சுவரையும் வாசலில் இருக்கும் மீட்டரையும் சேர்த்துப் பார்ப்பதுதான் இந்த வாரக் கட்டுரை. இன்று நம் நாட்டில் மின்சாரத்தைப் பற்றி எழுதப்படும் சட்டங்களும் திட்டங்களும் பெரும்பாலும் இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும். கட்டடங்கள் எவ்வளவு மின்சாரம் கேட்கின்றன? அதை மின்தொகுப்பு எப்போது, எதை எரித்துத் தருகிறது? இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள் போலத் தோன்றும். உண்மையில் ஒரே கம்பியின் இரண்டு முனைகள்.

மூட்டை கட்டி வைக்க முடியாத சரக்கு

தண்ணீரைத் தொட்டியில் தேக்கலாம். அரிசியை மூட்டையில் அடுக்கலாம். மின்கம்பியில் மின்சாரத்தைத் தேக்கி வைக்க முடியாது. நீங்கள் சுவிட்சைத் தட்டும் அதே நொடியில், எங்கோ ஒரு மின்னாக்கி அதற்குரிய ஆற்றலைத் தந்தாக வேண்டும்.

மின்நிலையங்கள், உயர் அழுத்தக் கம்பிகள், துணைநிலையங்கள், வீடுகள் எல்லாம் சேர்ந்த பின்னலைத்தான் தேசிய மின்தொகுப்பு என்கிறோம். மூன்றாம் படிவ அறிவியலில் இதைப் படித்திருப்பீர்கள். மின்னாக்கி தரும் மின்சாரத்தின் அழுத்தத்தை 132, 275, 500 கிலோவோல்ட் வரை ஏற்றி அனுப்புகிறார்கள். அழுத்தம் கூடினால் அதே திறனுக்கு மின்னோட்டம் குறையும். மின்னோட்டம் குறைந்தால் கம்பியில் வெப்பமாக வீணாவதும் குறையும். ஊருக்கு அருகே வந்ததும் அழுத்தத்தை மீண்டும் இறக்கி வீட்டுக்குத் தருகிறார்கள்.

இந்தப் பின்னல் முழுவதும் ஒரே தாளத்தில், நொடிக்கு 50 சுற்று என்ற அதிர்வெண்ணில் துடிக்கிறது. ஒரு நண்பனைப் பின்னால் உட்கார வைத்து மிதிவண்டி ஓட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மேடு வந்தால் வண்டி தளரும். நீங்கள் இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டும். இறக்கம் வந்தால் மிதிப்பதைக் குறைக்க வேண்டும். மின்தேவை கூடும்போது மின்னாக்கிகளும் அப்படித்தான் தளரப் பார்க்கும். அதிர்வெண் 50ஐவிட இறங்கும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் இரவு பகலாக அந்த எண்ணையே கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சமநிலை தவறினால் என்ன ஆகும்? உங்கள் அம்மா அப்பாவிடம் 1996 ஆகஸ்டு 3ஆம் தேதியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அன்று மாலை திரங்கானு மாநிலத்தின் பாக்கா மின்நிலையத்தை ஒட்டி ஏற்பட்ட ஒரு தடங்கல், மற்ற மின்நிலையங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியது. சற்று நேரத்தில் தீபகற்ப மலேசியா முழுவதும் மின்சாரம் இல்லை. பல மணி நேரம் நாடு மெழுகுவத்தி வெளிச்சத்தில் இருந்தது. பாக்காவில் தொடங்கியது மலாக்காவையும் இருட்டாக்கியது என்றால், நாம் எல்லாரும் எவ்வளவு நெருக்கமாக ஒரே கம்பியில் கட்டப்பட்டிருக்கிறோம் என்று பாருங்கள்.

2024ஆம் ஆண்டின் வெப்பமான நாள்களில் தீபகற்பத்தின் உச்ச மின்தேவை முதன்முறையாக 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. நம் மாநிலத்திலேயே, அலோர் காஜாவில் 2022இல் இயங்கத் தொடங்கிய எரிவாயு மின்நிலையத்தின் திறன் 2,242 மெகாவாட். அப்படிப்பட்ட நிலையங்கள் ஒன்பது சேர்ந்து முழுமூச்சாக ஓடினால்தான் அந்த உச்ச நேரத்தைச் சமாளிக்க முடியும்.

இதில் ஒரு செலவு மறைந்திருக்கிறது. உச்சத் தேவை ஆண்டில் சில மணி நேரந்தான் வரும். ஆனால் அந்தச் சில மணி நேரத்துக்காகவே நிலையங்களையும் கம்பிகளையும் கட்டி, ஆண்டு முழுதும் தயாராக வைத்திருக்க வேண்டும். அந்தச் செலவு நம் எல்லாருடைய மின்கட்டணத்திலும் பங்கு பிரிந்து வருகிறது.

காற்றுக்கும் ஒரு விலை உண்டு. தீபகற்பத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் வருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அப்படியானால் அந்த மாணவியின் வீட்டில் ஓர் இரவின் 6 யூனிட்டுக்கு நாலரை கிலோ. புகைபோக்கி அவள் வீட்டில் இல்லை. வேறு எங்கோ இருக்கிறது. ஆனால் புகையின் ஒரு பங்கு அந்தச் சுட்ட சுவருக்கு உரியது.

மலாக்காவில் தொடங்கிய மீட்டர்

பழைய மீட்டருக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும்: கூட்டுவது. மாதம் ஒரு முறை ஊழியர் வந்து எண்ணைப் பார்ப்பார். போன மாத எண்ணைக் கழிப்பார். கட்டணச் சீட்டு வரும். நீங்கள் எவ்வளவு பயன்படுத்தினீர்கள் என்று அது சொல்லும். எப்போது பயன்படுத்தினீர்கள் என்று அதற்குத் தெரியாது.

‘எப்போது’ என்பதையும் எழுதி வைப்பதுதான் ஸ்மார்ட் மீட்டர். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை பயன்பாட்டைப் பதிவு செய்கிறது. அந்த விவரத்தைத் தானாகவே அனுப்பிவிடுகிறது. ஒரு நாளுக்கு 48 எண்கள். மாதத்துக்கு ஓர் எண் இருந்த இடத்தில் 1,440 எண்கள்!

இது நாட்டிலேயே முதலில் பெரிய அளவில் பொருத்தப்பட்ட மாநிலம் எது தெரியுமா? நம் மலாக்காதான். தெனாகா நேஷனல் முதலில் மலாக்காவிலும் புத்ராஜெயாவிலும் ஏறக்குறைய ஆயிரம் வீடுகளில் சோதித்துப் பார்த்தது. பிறகு 2016 முதல் மலாக்கா முழுவதும் பொருத்தத் தொடங்கியது. 3 லட்சத்து 40 ஆயிரம் மீட்டர்கள். அதன் பின்னர்தான் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் மற்ற மாநிலங்களுக்கும் போனது. மலாக்கா சிறிய மாநிலம். பட்டணமும் உண்டு, கம்பமும் உண்டு, தோட்டமும் உண்டு. ஒரு புதிய அமைப்பைச் சோதித்துப் பார்க்க வசதியான இடம்.

மின்தொகுப்பை நவீனமாக்குவது என்றால் பெரிய கோபுரங்களும் தடித்த கம்பிகளும் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மின்சாரம் ஒரு திசையில் போய்க்கொண்டிருந்த கம்பியில், தகவல் எதிர்த்திசையில் வரத் தொடங்குவதுதான் முதல் படி. எந்தத் தெருவில் மின்சாரம் துண்டித்துப்போனது, எந்தத் துணைநிலையம் எந்த நேரத்தில் திணறுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும்.

“அப்படியென்றால் நாங்கள் எப்போது வீட்டில் இல்லை என்றுகூட அதற்குத் தெரியுமே?” என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. 48 எண்களைப் பார்த்தால் ஒரு குடும்பம் எப்போது எழுகிறது, எப்போது வெளியே போகிறது என்பதை ஓரளவு ஊகிக்க முடியும். அதனால்தான் இந்த விவரங்களைக் கவனமாகப் பாதுகாக்க வேண்டியிருக்கிறது. புதிய கருவி எதுவானாலும், அது என்ன தருகிறது என்பதோடு என்ன தெரிந்துகொள்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்பதுதான் அறிவியல் மாணவனுக்கு அழகு.

நேரத்துக்கு ஒரு விலை

2025 ஜூலை 1ஆம் தேதி தீபகற்பத்தில் புதிய மின்கட்டண முறை வந்தது. ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகள் விரும்பினால் நேரவாரிக் கட்டணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை உச்ச நேரம். மற்ற நேரமும் சனி, ஞாயிறும் மலிவு நேரம்.

மின்கட்டணத்தில் பல பகுதிகள் உண்டு. இங்கே ஆற்றல் கட்டணம் என்ற பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். மாதம் 1,500 யூனிட்டுக்கு மேற்போகாத வீட்டுக்குச் சாதாரண முறையில் ஒரு யூனிட்டுக்கு 27.03 சென். நேரவாரி முறையில் உச்ச நேரத்துக்கு 28.52 சென், மலிவு நேரத்துக்கு 24.43 சென்.

உடனே சேர்ந்துவிடலாமா? முதலில் கணக்குப் போடுவோம். உச்ச நேரத்தில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 1.49 சென் கூடுதலாகக் கட்டுகிறோம். மலிவு நேரத்தில் 2.60 சென் மிச்சம். மாதம் 300 யூனிட் பயன்படுத்தும் வீட்டில் 90 யூனிட் உச்ச நேரத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் 1 ரிங்கிட் 34 சென். மிச்சம் 5 ரிங்கிட் 46 சென். நிகர மிச்சம் 4 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். அதே வீட்டில் பாதி மின்சாரம் உச்ச நேரத்தில் செலவானால்? நீங்களே போட்டுப் பாருங்கள். மிச்சம் ஏறக்குறைய 1 ரிங்கிட் 67 சென்னாகக் குறைந்துவிடும். முக்கால்வாசியும் உச்ச நேரத்தில் போகும் வீட்டுக்கு நட்டம்தான்.

தொகை சிறியது. இதனால் யாரும் பணக்காரராகப் போவதில்லை. ஆனால் இதில் ஒரு புதிய செய்தி இருக்கிறது. மின்சாரத்துக்கு நேரம் உண்டு என்பதை முதன்முறையாகச் சாதாரண வீட்டுக் கட்டணச் சீட்டும் சொல்லத் தொடங்கியிருக்கிறது.

சூரியன் ஷிப்டு முடிந்து போன பிறகு

2023இல் அரசாங்கம் தேசிய எரிசக்தி மாற்றத் திட்டத்தை வெளியிட்டது. 2050க்குள் நாட்டின் நிகர கரிம வெளியேற்றம் பூச்சியம் ஆக வேண்டும். அதே ஆண்டுக்குள் மின்நிலையங்களின் மொத்தத் திறனில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கு 70 விழுக்காடாக வேண்டும் என்பவை இலக்குகள். நம் நாட்டில் அதற்குப் பெரிதும் நம்பியிருப்பது சூரியனைத்தான். மலாக்காவுக்கு இது புதிதல்ல. ஆயர் குரோவில் 2014லேயே 8 மெகாவாட் சூரியமின் நிலையம் வந்துவிட்டது. வீட்டுக் கூரையில் சூரியத்தகடு பொருத்தி, மிஞ்சும் மின்சாரத்தைத் தொகுப்புக்கு அனுப்பிக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் நிகர மின்கணக்குத் திட்டம் 2016இல் தொடங்கியது.

ஆனால் சூரியன் பகல் ஷிப்டு மட்டும் பார்க்கும் தொழிலாளி. நண்பகலில் அள்ளித் தருவான். மாலை 7 மணிக்கு மேல் ஒன்றும் தரமாட்டான். நாமோ அந்த நேரத்தில்தான் வீட்டுக்கு வந்து விளக்கு, காற்றாடி, தொலைக்காட்சி, குளிரூட்டி என்று எல்லாவற்றையும் தட்டுகிறோம். சூரியமின்சாரம் கூடக்கூட நண்பகலில் மின்நிலையங்களுக்கு வேலை குறையும். மாலையில் திடீரென்று வேலை ஏறும். மிதிவண்டிக்காரன் இறக்கத்திலிருந்து நேரே செங்குத்து மேட்டில் ஏறுவது போல.

இந்த இடைவெளியை நிரப்ப மின்கலங்கள் தேவை. 400 மெகாவாட் திறனும் 1,600 மெகாவாட் மணி கொள்ளளவும் உள்ள மின்கலச் சேமிப்பு நிலையங்களை அமைக்க எரிசக்தி ஆணையம் ஏற்பாடு செய்துவருகிறது. கொள்ளளவைத் திறனால் வகுத்தால் 4 மணி நேரம் வரும். மாலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரைக்குச் சரியாக இருக்கும். ஆனால் 20,000 மெகாவாட்டில் 400 என்பது நூற்றில் இரண்டுதான். நல்ல தொடக்கம், போதுமான அளவு அல்ல.

வேறு வழி உண்டா? உண்டு. அதற்கு நாம் மீண்டும் சுவரிடம் போக வேண்டும்.

கட்டடமும் ஒரு மின்கலம்தான்

சுவர் ஏன் இரவில் சுடுகிறது? செங்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் வெப்பத்தை நிறைய உள்வாங்கிக்கொள்ளும் இயல்பு உண்டு. மேற்குச் சுவர் பிற்பகல் முழுவதும் வெயிலைக் குடிக்கிறது. அந்த வெப்பம் மெல்ல மெல்ல உட்பக்கம் நகர்ந்து வந்து சேரும்போது இரவாகிவிடுகிறது. அதாவது சுவர் ஒரு வெப்பச் சேமிப்புக் கலம். பகலில் மின்னேற்றம் ஆகிறது. இரவில் வீட்டுக்குள் காலியாகிறது. அதை வெளியே தள்ளத்தான் குளிரூட்டி எட்டு மணி நேரம் உழைக்கிறது.

புத்ராஜெயாவில் எரிசக்தி ஆணையத்தின் தலைமையகம் இருக்கிறது. 2010இல் கட்டப்பட்டது. வைரக் கட்டடம் என்று அதற்குப் பெயர். தலைகீழாக நிற்கும் பிரமிடு போல மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். மேல்மாடி கீழ்மாடிக்குக் குடை பிடிக்கிறது. சுவரில் வெயில் நேராக விழுவதில்லை. வழக்கமான அலுவலகக் கட்டடம் ஒரு சதுர மீட்டருக்குச் செலவிடும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இதற்கு ஆகும்படி வடிவமைத்தார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது அதன் தரை. மாடித் தளங்களின் கான்கிரீட்டுக்குள் குழாய்கள் பதித்திருக்கிறார்கள். இரவில், மின்தேவை குறைவாக இருக்கும் நேரத்தில், குளிர்ந்த நீரை அவற்றில் ஓடவிட்டுத் தளத்தையே குளிர வைக்கிறார்கள். பகல் முழுதும் அந்தத் தளம் அறைகளுக்குக் குளிர்ச்சி தருகிறது. பாருங்கள், இதுவும் அதே கான்கிரீட். அதே வெப்ப இயல்பு. அந்த மாணவியின் வீட்டுச் சுவர் வெயிலைச் சேமிக்கிறது. இந்தத் தளம் குளிரைச் சேமிக்கிறது. நன்றாகக் கட்டிய கட்டடம் மின்தொகுப்பின் சுமையைக் குறைப்பது மட்டுமல்ல, சுமையை வேறு நேரத்துக்கு நகர்த்தவும் செய்கிறது.

பழைய மலாக்காக்காரர்களுக்கும் வெப்பம் தெரிந்திருந்தது. ஹீரன் தெரு என்று சொல்லப்படும் துன் டான் செங் லோக் சாலையின் பாபா வீடுகளுக்குள் போனால் நடுவே வானம் பார்த்த முற்றம் இருக்கும். சூடான காற்று அதன் வழியே மேலேறும். குளிர்ந்த காற்று வாசல் வழியே உள்ளே வரும். மலாய்க் கம்பத்து வீடு கால் ஊன்றித் தரைக்கு மேலே நிற்கும். அடியிலும் காற்று, பக்கத்திலும் காற்று. பலகைச் சுவர் வெப்பத்தைச் சேமித்து வைப்பதில்லை; பொழுது சாய்ந்தால் சீக்கிரம் ஆறிவிடும். இரண்டாம் படிவத்தில் படித்த வெப்பச்சலனப் பாடத்தை இந்த வீடுகள் எப்போதோ கட்டிக் காட்டிவிட்டன.

சட்டம் எங்கே வரை வருகிறது?

2025 ஜனவரி 1ஆம் தேதி எரிசக்தித் திறன் மற்றும் சேமிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 21,600 கிகாஜூல் அல்லது அதற்கு மேல் செலவிடும் பயனர்கள் எரிசக்தி மேலாளரை நியமிக்க வேண்டும்; தணிக்கை செய்ய வேண்டும். ஒரு கிலோவாட் மணி என்பது 3.6 மெகாஜூல். வகுத்துப் பாருங்கள்: 60 லட்சம் யூனிட்! 8,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள அலுவலகக் கட்டடங்கள் குளிர்சாதனப்பெட்டிக்கு ஒட்டுவது போல நட்சத்திர முத்திரை பெற வேண்டும். பெரிய ஆலைகள், பெரிய கட்டடங்கள் என்று தொடங்கியிருப்பது நியாயமே. அதிகம் தின்பவரிடமிருந்துதானே முதலில் கேட்க வேண்டும்?

கூரைக்கும் ஒரு விதி உண்டு. 2012இல் சீரான கட்டடத் துணைச்சட்டங்களில் சேர்க்கப்பட்ட 38ஏ பிரிவு அது. கனம் குறைந்த கூரையாக இருந்தால் அதன் யூ மதிப்பு 0.4க்கு மேல் போகக்கூடாது. யூ மதிப்பு என்பது இதுதான்: கூரைக்கு மேலும் கீழும் ஒரு டிகிரி வெப்ப வேறுபாடு இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் உள்ளே நுழையும்?

12 சதுர மீட்டர் படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். நண்பகலில் கூரைக்கும் அறைக்கும் 20 டிகிரி வேறுபாடு என்று வைத்துக்கொள்வோம். வெப்பக் காப்பு இல்லாத கூரையின் யூ மதிப்பு 2 என்றால், 2 பெருக்கல் 12 பெருக்கல் 20, அதாவது 480 வாட். தலைக்கு மேலே பழைய 60 வாட் குண்டு பல்புகள் எட்டை எரியவிட்டது போல! விதிப்படி 0.4 என்றால் 96 வாட். இரண்டு பல்புகூட இல்லை.

ஆனால் இந்த விதிகளில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கட்டடத் துணைச்சட்டத்தின் திருத்தம் ஒரு மாநிலத்தில் செல்லுபடியாக வேண்டுமானால், அந்த மாநிலம் அதை அரசிதழில் வெளியிட வேண்டும். நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் கையில் இருக்கின்றன. கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் தருவது நகராண்மைக் கழகம். ஆக, மின்நிலையம் கூட்டரசின் பொறுப்பு என்றாலும், சுவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பது மாநிலத்தின் பொறுப்பு. மலாக்கா இதற்கெனத் தனிப் பசுமைத் தொழில்நுட்பக் கழகத்தை 2013இல் அமைத்த மாநிலம். 2014இல் பசுமை நகரச் செயல்திட்டத்தையும் வகுத்தது. வழி தெரியாத மாநிலம் அல்ல.

இனி என் கவலையைச் சொல்கிறேன். 8,000 சதுர மீட்டர் சட்டம் நம் தாமான் வரிசை வீட்டு வாசலுக்கு வராது. 2012க்கு முன் கட்டிய வீட்டின் கூரையை அந்தத் துணைச்சட்டம் திருத்தாது. தோட்டத்து லயத்தை விட்டு வந்து, கடன் வாங்கிச் சிறிய வீடு வாங்கிய குடும்பங்கள் நம் பக்கத்தில் நிறைய. வீடு சிறியது, கூரை தாழ்வு, மரநிழல் இல்லை. பெரிய வீட்டுக்காரர் சூரியத்தகடு பொருத்திக்கொள்வார். வாடகை வீட்டுக்காரர் எங்கே பொருத்துவார்? நாட்டின் மின்தொகுப்பு புதிதாகிக்கொண்டே போய், வெயிலைச் சேமிக்கும் வீடுகள் அப்படியே நின்றுவிட்டால், யாரால் தாங்க முடியாதோ அவர்களே அதிகமாக வெந்துபோவார்கள். அவர்களே வருமானத்தில் அதிகப் பங்கை மின்கட்டணமாகக் கட்டுவார்கள். அடுத்து எழுதப்படும் திட்டம் சிறிய வீட்டின் கூரையிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

செய்து பாருங்கள்

1. ஒரு வாரம் தினமும் காலை 6 மணி, பிற்பகல் 2 மணி, இரவு 10 மணிக்கு மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். பகலில் பள்ளியில் இருந்தால், ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீட்டுப் பெரியவரின் கைப்பேசிச் செயலியில் அரை மணி நேர வரைபடத்தைப் பார்க்கலாம்.

2. வார நாள்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை செலவான யூனிட், வாரம் முழுவதற்குமான மொத்தத்தில் எத்தனை விழுக்காடு? 36க்குக் கீழே இருந்தால் நேரவாரிக் கட்டணம் உங்கள் வீட்டுக்கு இலாபம். மேலே இருந்தால் நட்டம். (1.49ஐ 4.09ஆல் வகுத்தால் இந்த 36 எப்படி வந்தது என்று புரியும். மேலே சொன்ன “பாதி உச்ச நேரம்” கணக்கில் மிச்சம் வருமா, வராதா? நான் எழுதியதைச் சரிபாருங்கள்.)

3. நாலு பக்கச் சுவர்களிலும் இரவு 9 மணிக்குக் கை வைத்துப் பாருங்கள். எது அதிகம் சுடுகிறது? ஏன்?

மீட்டர் பெட்டியைத் திறக்கவோ கம்பியைத் தொடவோ வேண்டாம். கண்ணால் பார்த்தால் போதும்.

இரண்டாவது கேள்விக்கு விடை இதோ. 150 யூனிட்டை 1.49ஆல் பெருக்கினால் 2 ரிங்கிட் 23 சென் கூடுதல், 150ஐ 2.60ஆல் பெருக்கினால் 3 ரிங்கிட் 90 சென் மிச்சம். நிகரம் 1 ரிங்கிட் 67 சென் இலாபம். அப்படியானால் 36 என்ற எல்லை தவறு! 1.49ஐ அல்ல, 2.60ஐத்தான் 4.09ஆல் வகுக்க வேண்டும். சரியான எல்லை ஏறக்குறைய 64 விழுக்காடு. கண்டுபிடித்துவிட்டீர்களா? ஆசிரியர் எழுதினாலும் அரசாங்கம் எழுதினாலும் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும் என்பதற்காகவே அந்தப் பொறியை வைத்தேன்.

அந்த மாணவியின் வீட்டுக்குத் திரும்புவோம். சுவர் சுடுவதைக் கேட்ட அவள் அப்பா, மேற்குப் பக்கம் நாலு கம்பு நட்டு, நாற்றுக்குக் கட்டும் கறுப்பு நிழல்வலையைக் கட்டிவிட்டார். கீழே அவரைக்கொடி போட்டிருக்கிறார்கள். போன வாரம் அவள் எழுதி வந்த எண்: 10 மணியிலிருந்து 6 மணி வரை 5 யூனிட்.

“ஒன்று குறைந்திருக்கிறது டீச்சர்!” என்றாள். உடனே அவளே யோசித்துவிட்டு, “ஆனால் இந்த வாரம் மூன்று நாள் மழை” என்றாள்.

வலையின் வேலையா, மழையின் வேலையா? இன்னும் தெரியாது. வெயில் அடிக்கும் மூன்று வாரத்துக்குத் தொடர்ந்து எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். கொடி படர அதற்குள் நேரம் வந்துவிடும்.